ஐந்து நாள் மருந்து, இரண்டு நாள் ஓய்வு

மருந்து விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று இருபத்தைந்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. தீவனம், ஆட்கள், முட்டை ஏற்றும் லாரி எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. மருந்து என் பொறுப்பு. காலையில் ஷெட்டுக்குள் ஒரு நடை நடந்தால் போதும், எந்தக் கூண்டில் கோழி சுணங்கி நிற்கிறது, எச்சம் எந்த நிறத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, நோய் என்னவென்று சொல்லிவிடுவேன். மேலே தண்ணீர்த் தொட்டியில் ஏறி மருந்தைக் கலக்குவதும் நான்தான். வேறு யாரையும் அந்த டப்பாக்களைத் தொட விடமாட்டேன். ஊரில் ஆடு செருமினாலும் கன்றுக்குட்டி கழிந்தாலும் முதலில் என் வாசலுக்குத்தான் வருவார்கள். வீட்டுக்காரர் என்னை "டாக்டரம்மா" என்று கிண்டலாகத்தான் கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை, பட்டமாகத்தான் பட்டது.

பண்ணையில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். எந்த மருந்தையும் விடாமல் கொடுக்கக் கூடாது. ஐந்து நாள் கொடுக்க வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும். ஈரல் தேறுவதற்கு இரண்டு நாள் டானிக் கலந்த தண்ணீர் மட்டும் விட வேண்டும். தொடர்ந்து ஊற்றினால் கிருமிக்கு மருந்து பழகிவிடும், கோழிக்கும் ஈரல் கெட்டுவிடும். மருந்து விற்க வருகிறவர்கள் இன்னும் இரண்டு நாள் கூட ஊற்றுங்கள் என்பார்கள். விற்கிறவன் வேறென்ன சொல்வான்? நான் கேட்டதே இல்லை. கேட்காமல் இருந்ததால் பிழைத்த கோழிகள் ஏராளம்.

இந்தச் சட்டத்தை எனக்கே போட்டுக்கொண்டதும், இன்னொருத்திக்கும் போட்டுவிட்டதும்தான் நான் சொல்ல வந்த கதை.

ஐம்பத்தேழு வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. மாதவிலக்கு நின்று ஏழு வருடம் ஆகியிருந்தது. சேலத்தில் ஆபரேஷன், அப்புறம் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பார்க்க வந்த சொந்தக்காரிகளில் ஒருத்தி, "கோழிக்கு ஊசி போட்ட பாவம்தான் இப்படி வந்திருக்குது" என்று என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே சொன்னாள். மருந்து வாசம் குமட்டிக்கொண்டிருந்த நேரம், இல்லாவிட்டால் அவளை எழுந்து துரத்தியிருப்பேன்.

எல்லாம் முடிந்ததும் டாக்டர் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். இளவயசுப் பெண் அவர். தினமும் ஒன்று, குறைந்தது ஐந்து வருடம். என் கட்டி பெண்களுக்குச் சுரக்கும் ஹார்மோனைத் தின்று வளர்கிற ஜாதியாம். அது சுரக்காமல் இந்த மாத்திரை தடுத்து வைக்குமாம்.

"எனக்குத்தான் எல்லாம் நின்னு ஏழு வருஷமாச்சுங்களே, இன்னும் எங்கீங்க சுரக்குது?" என்று கேட்டேன்.

"சினைப்பையில சுரக்கறது நின்னிருக்கும்மா. ஆனா கொழுப்பிலயும் வேற இடங்கள்லயும் கொஞ்சம் கொஞ்சமா உண்டாகிட்டேதான் இருக்கும்" என்றார்.

கடையைச் சாத்திவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, பின்வாசலில் வியாபாரம் நடந்திருக்கிறது. இதை வெளியே சொல்லியும்விட்டேன். டாக்டர் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் மட்டும் தலையை நிமிர்த்தி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை உளுந்தம்பருப்பு அளவுதான் இருக்கும். மூன்றாவது மாதத்தில் அது தன் வேலையைக் காட்டியது. உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், கழுத்தில் வியர்வை வழியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மூட்டு வலியைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மடக்கினால் நிமிராது. முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி சத்தம் போடும். ஒருநாள் மருந்து டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல், தொட்டிமேட்டில் நின்றுகொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒரே திருகில் திறந்துவிட்டுப் பேசாமல் போனார். ஏதாவது கிண்டல் செய்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குத்தான் என் சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. கோழிக்கே ஓய்வு கொடுக்கிறேன், என் உடம்பை இப்படி வருடக்கணக்காக விடாமல் மருந்தில் முக்கி வைப்பது என்ன நியாயம்? திங்கள் முதல் வெள்ளி வரை மாத்திரை, சனியும் ஞாயிறும் ஓய்வு என்று முடிவு செய்தேன். ஓய்வு நாளில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தேன். கோழிக்கு டானிக், எனக்குக் கீழாநெல்லி. இது கிருமியைக் கொல்கிற மருந்து இல்லை என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப் போக வேண்டும். டோக்கன் போட்டுவிட்டு அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அங்கேதான் அம்மாபேட்டைக்காரி பழக்கமானாள். என்னைவிட ஐந்து வயது இளையவள். தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்து தறி ஓட்டுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இல்லை. மகனோடும் மருமகளோடும் இருந்தாள். தறிக்கு வேண்டிய ஊடு நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுப்பாள், தார் சுற்றுவது என்பார்கள். எனக்கு ஆபரேஷன் ஆன அதே மாதத்தில்தான் அவளுக்கும் ஆகியிருந்தது. எனக்கு இடது பக்கம், அவளுக்கு வலது பக்கம். "நாம ரெண்டு பேரும் ஒட்டி உக்காந்தா ஒரு முழு ஆளுக்கா" என்பாள். ஆஸ்பத்திரி பெஞ்சு அதிரச் சிரிப்போம், நர்ஸ் வந்து முறைப்பாள். செக்கப் முடிந்ததும் தெருமுனை வண்டிக்குப் போய் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் வைக்கிற பீட்ரூட் துருவலைக் கூடக் கொஞ்சம் போடச் சொல்லி வண்டிக்காரரோடு சண்டை பிடிப்பாள்.

அவளுக்கும் அதே மஞ்சள் மாத்திரைதான். தை மாதம், பொங்கல் கழிந்து இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கையை என் மடியில் நீட்டினாள்.

"பாருங்கக்கா. காலையில விரலு மடங்கவே மாட்டேங்குது. ஒரு தாரு சுத்தறதுக்குள்ள உசிரு போய் உசிரு வருது. பேசாம மாத்திரையை நிறுத்திடலாமான்னு இருக்கு."

"நிறுத்தீராத அம்மணி, அது தப்பு" என்றேன். இங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "ஆனா ஒடம்புக்குக் கொஞ்சம் எடவெளி குடுக்கோணும். நான் அஞ்சு நாள் போடறேன், சனி ஞாயிறு உட்டுர்றேன். இப்ப கை எத்தனையோ தேவல."

"டாக்டரம்மா திட்ட மாட்டாங்களா?"

"அவிய ஏட்டுல படிச்சவீங்க. நான் லட்சம் கோழிக்கு மருந்து ஊத்துனவ. எனக்குத் தெரியாதா?"

இதைச் சொன்னபோது நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதுகை நேராக வைத்து, கால்மேல் கால் போட முடியாத முழங்காலோடு, கால்மேல் கால் போட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நம்பிக்கை. இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள். "கை வருதுக்கா. நீங்க சொன்ன மாதிரிதான் செய்யறேன். நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். வீட்டுக்காரருக்குக் கேட்கிற மாதிரி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

ஆடி மாதம் எனக்கு மட்டும் செக்கப் தேதி முன்னதாக வந்தது. அவளுக்கு அடுத்த வாரம். டாக்டர் வழக்கம்போல, "மாத்திரை தினமும் போடறீங்களா?" என்று கேட்டார். அதுவரை தலையாட்டிவிட்டு வந்த மாதிரி அன்றைக்கும் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பெருமை பிடுங்கித் தின்றது. அஞ்சு நாள், ரெண்டு நாள், கீழாநெல்லி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

"எத்தனை மாசமா?"

சொன்னேன்.

"அம்மா, கோழிக்கு நீங்க குடுக்கறது கிருமியைக் கொல்ற மருந்து. கொன்னு முடிஞ்சதும் நிறுத்தலாம். இது எதையும் கொல்லலை. அந்த ஹார்மோன் உண்டாகாம தடுத்து வைக்குது, அவ்வளவுதான். உங்களுக்கு எதுவும் ஆகாம இருந்தா அது உங்க அதிர்ஷ்டம். வலின்னா எங்கிட்ட ஏன் சொல்லலை? இதே வேலையைச் செய்யற வேற மாத்திரை இருக்கு, மாத்திப் பார்க்கலாம். வலிக்கும் வழி இருக்கு. நீங்களா விடக் கூடாது."

ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. மஞ்சளுக்குப் பதிலாக வெள்ளை மாத்திரை, எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து மாத்திரை, காலையில் அரைமணி நேரம் நடை என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்தவள் ஒருநாள்கூட விடவில்லை. இரண்டு மாதத்தில் என் விரல்கள் மடங்கின. டப்பாவின் மூடியை நானே திறந்தேன்.

வீட்டுக்காரர் அன்றைக்கு என்னோடு உள்ளே இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மல்லூர் தாண்டும்வரை வாயைப் பொத்திக்கொண்டு வந்தவர், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். "ஏனுங்க டாக்டரம்மா, அந்த ஈரல் டானிக்கையும் ரெண்டு மூடி ஊத்திக் குடிச்சிருக்கலாமே?" என்றார். அதோடு விடவில்லை. இரண்டு நாள் கழித்து ஓமலூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் இதைக் கதையாகச் சொல்லிவிட்டார். பாயசம் ஊற்ற வந்தவரும் நின்று கேட்டுச் சிரித்தார். கோழிக்கு ஊசி போட்ட பாவம் என்று சொன்ன அந்தச் சொந்தக்காரியும் அங்கேதான் இருந்தாள். நான் பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் நான் அம்மாபேட்டைக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்று சொல்ல முடியாது, செய்தேன். ஓமலூரிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் போன் செய்தேன். அவள் எடுத்த எடுப்பில், "அக்கா, நேத்து ஒரே நாள்ல எவ்வளவு தாரு சுத்தினேன் தெரியுமா? எங்க தெருவுல மூட்டு வலிக்கிறவங்ககிட்டல்லாம் உங்களைப் பத்தித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றாள். அவ்வளவு பெரிய ஊரில், எனக்குத் தெரியாத ஒரு தெருவில், நான் இன்னும் டாக்டரம்மாவாக இருந்தேன். ஓமலூர் பந்தியில் போனது அம்மாபேட்டையில் மிச்சம் இருந்தது. அதையும் என் வாயாலேயே கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. "சரி அம்மணி, ஒடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டேன். அடுத்த வாரம் செக்கப் போகிறாள், டாக்டர் கேட்பார், இவள் சொல்வாள், அவரே திருத்திவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்னை மாதிரி எல்லோரும் வாயைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

ஐப்பசியில் இருவருக்கும் ஒரே நாளில் தேதி விழுந்தது. எனக்கு முந்தின டோக்கன் அவளுக்கு. உள்ளே போய்விட்டு வந்ததும் என் தோளில் இடித்தாள்.

"மாத்திரை தினமும் போடறீங்களான்னு கேட்டாங்கக்கா. போடறேன்னு சொல்லிட்டேன். நம்ம ரகசியத்தை நான் எதுக்கு வெளிய சொல்றேன்?"

அன்றைக்கும் தட்டுவடை வண்டிக்குப் போனோம். பீட்ரூட்டுக்காக அவள் சண்டை பிடித்தாள். என் வாயில் தட்டுவடை இருந்தது. அதை மென்று விழுங்குகிற நேரம் போதும், சொல்லியிருக்கலாம். "தப்பாச் சொல்லிட்டேன் அம்மணி, நான் இப்பத் தினமும் போடறேன், நீயும் போடு." இவ்வளவுதான். விழுங்கிவிட்டு, இன்னொரு செட் சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

இதற்குமேல் இதில் மறைக்க ஒன்றும் இல்லை. தெரியாமல் சொன்னது ஒரு தப்பு. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். தெரிந்த பிறகு, என் உடம்பை மட்டும் சரி செய்துகொண்டு, அவளை அப்படியே விட்டேன். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, ஆடியிலிருந்து மாசி வரை. கெட்டவள் என்று நினைத்தால் ஊரில் சில முகங்கள் எனக்கு ஞாபகம் வரும். அந்த வரிசையில் இப்போது என் முகமும் வருகிறது.

மாசியில் அவள் மகன் போன் செய்தான். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவன், அதிர்ந்து பேச மாட்டான். அம்மாவுக்கு இரண்டு மாதமாக இடுப்பு வலி, உட்கார்ந்தே தார் சுற்றுவதால் வருகிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள், இப்போது ஸ்கேன் எடுத்ததில் நோய் முதுகெலும்புக்குப் போயிருக்கிறது என்றான். "முழுசா குணமாக்க முடியாதாம் பெரிம்மா. மருந்துல கட்டுப்படுத்தி வைக்கலாம்னு சொல்றாங்க. அம்மா உங்களைப் பார்க்கணும்னு சொல்லுது."

வீட்டுக்காரரிடம் விவரம் மட்டும் சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன். ஆண்டகளூர் கேட் நிறுத்தம் வருவதற்குள் இரண்டு முறை இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

அம்மாபேட்டையில் அவள் வீடு சின்னது. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள். முடியவில்லை. மருமகள் ஓடிவந்து முதுகுக்குத் தலையணை வைத்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அழுத வீக்கம் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

காபி வந்தது. அதைக் கையில் வாங்கியதும் மகன் அலமாரியிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் சாய்த்தான். மஞ்சள் மாத்திரைகள் கலகலவென்று தட்டில் கொட்டின.

"பாருங்க பெரிம்மா. நேத்து நூல் கூடைக்கு அடியில கிடைச்சுது. அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுக்கறது இவ வேலை. குடுத்தா, முழுங்கிச்சான்னு நின்னு பார்க்க வேண்டாமா? இத்தனை நாள் முழுங்காம டப்பாவுல போட்டு வச்சிருக்கு. இவளுக்கு என்ன, போன்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டு நின்னிருப்பா."

மருமகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். "நான் தண்ணியோட குடுத்துட்டுத்தான் போவேன். முழுங்கிட்டேன்னுதான் சொல்லுவாங்க" என்றாள். சத்தமே வரவில்லை.

"அவளை ஏன்டா சொல்றே? நான்தான் மறந்து மறந்து போட்டேன்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினாள். "இந்தக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கும் தெரியுமா, மாத்திரையை நிறுத்தாத, நிறுத்தாதன்னு. நான்தான் கேக்கலை."

மகன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா இப்படி ஆயிருக்காது பெரிம்மா" என்றான்.

கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தப் பெண்ணின் வீங்கிய கண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

"சாமி, உன்ற பொஞ்சாதி மேல தப்பில்ல" என்றேன். "சனி ஞாயிறு ரெண்டு நாள் மாத்திரை போடாத, கோழிக்கே அப்படித்தான் குடுப்போம்னு உங்கம்மாளுக்குச் சொன்னது நான்தான். அந்த டப்பாவுல இருக்கறது பூராவும் என்ற வேலை."

மகன் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டான், மூடினான், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருமகள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டம்ளரை எடுத்து, "ஆறிடுச்சு, சூடு பண்ணிக் கொண்டாரேன்" என்று உள்ளே போனாள்.

வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு மனசு லேசானது. சொல்லிவிட்டேன், ஒரு பெண்ணைப் பழியிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்திகூட வந்தது. ஆடி மாதத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்பது அப்போது நினைவில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"ஏன்க்கா சொன்னீங்க? நான் என்ன காட்டியா குடுத்திருப்பேன்? சரி, அதை விடுங்க. ஸ்கேன் எடுத்த அன்னியிலிருந்து எனக்கு உங்க நினைப்புதான்க்கா. நீங்களும் என்னை மாதிரித்தானே ரெண்டு ரெண்டு நாள் விட்டுக்கிட்டு இருக்கீங்க? போன்ல சொன்னா பக்கத்துல அண்ணன் இருந்து கேட்டுடுவாங்களேன்னுதான் உங்களை நேர்ல வரச் சொன்னேன். வேண்டாங்கக்கா. இன்னியிலிருந்து ஒருநாள் விடாம போட்டுடுங்க. எனக்கு வந்த மாதிரி உங்களுக்கும் வந்துடக் கூடாது. என் கையில அடிச்சுச் சொல்லுங்க."

உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்வதற்காகத்தான் இவள் என்னை வரவழைத்திருக்கிறாள். ஸ்கேன் எடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நான்கு நாளைக்குள் என்னைக் கூப்பிட்டுச் சொல்ல அவளால் முடிந்திருக்கிறது.

"போடறேன் அம்மணி" என்று அந்தக் கையில் அடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் அப்படியே தளர்ந்தது. சூடு பண்ணிய காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்டேன். அவள் இரண்டு நாள் விட்டதால்தான் வந்ததா?

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஒருநாள் விடாம போட்டவங்களுக்கும் திரும்பி வந்திருக்கு. ஆனா அவங்க விட்டிருக்கக் கூடாது" என்றார்.

முதல் பாதியை வீட்டுக்காரர் எனக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவார். ஓமலூரில் சிரிக்க வைத்ததற்கு அவர் ஒருநாள் என்னிடம் வருத்தப்பட்டும் பேசினார். எனக்கு இரண்டாவது பாதிதான் ஞாபகத்தில் நிற்கிறது.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளுக்கு வேறு மருந்து மாற்றியிருக்கிறார்கள். பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாள். தார் சுற்றுவதை மருமகள் எடுத்துக்கொண்டாள். மகன் என்னிடம் இதுவரை பேசவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பண்ணையில் மருந்து கலக்கும் வேலையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டேன். யாராவது ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தால், கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்புகிறேன்.

தினமும் காலையில் நான் சாப்பிட்டு முடிக்கிற நேரம் பார்த்து அவள் போன் வரும். வலி அதிகமான நாளில்கூட வராமல் இருந்ததில்லை. இன்றைக்கும் வந்தது.

"அக்கா, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டுட்டேன் அம்மணி."

"நெசமாத்தானே? எம்மேல சத்தியமா?"

"உம்மேல சத்தியமா."

"எப்படியோ, நான் சொல்லி நீங்களாவது போட ஆரம்பிச்சீங்களே, எனக்கு அது போதும்க்கா" என்றாள்.

ஆமாம் என்றேன்.